புல்லாங்குழல் வைத்தால் முல்லையாகிவிடுமா?

சங்கக் கவிதைகளுக்கு மெட்டுப் போடுவது இப்போது கௌரவமான காரியமாகிவிட்டது. சினிமாவில் நடக்கிறது, மகாநாடுகளில் நடக்கிறது, கடல் கடந்தும் நடக்கிறது. 2019ல் சிகாகோவில் கூடிய பத்தாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மகாநாட்டின் பாட்டாகக் கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டு ராஜன் சோமசுந்தரத்தின் இசையில் ஒலித்தது. அடுத்த ஆண்டே அவர் வட கரோலினாவின் டர்ஹாம் சிம்பனி வாத்தியக் குழுவோடு சேர்ந்து, சங்கப் பாடல்களை 'சந்தம்' என்ற இசைத் தொகுப்பாகவே வெளியிட்டார். நம் இலக்கியக்காரர்களுக்கு ஒரே பூரிப்பு. இரண்டாயிரம் வருஷத்துக் கவிதை கடைசியில் உலக மேடை ஏறிவிட்டதாம். ஏறியது சரி, ஏறும்போது எதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு ஏறியது என்று கேட்கத்தான் ஒருவரும் இல்லை.

இசையமைப்பாளர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தங்களுக்குப் பிடித்த கவிதையை எடுத்துக்கொண்டு தங்களுக்குத் தெரிந்ததைச் செய்கிறார்கள். அதில் உழைப்பு இருக்கிறது, ஆசை இருக்கிறது. இந்த ஒரு தொகுப்பை மனதில் வைத்து மட்டும் நான் எழுதவும் இல்லை. என் சண்டை, கவிதை தெரிந்தவர்கள் என்று பெயர் பண்ணிக்கொண்டு, எந்த மெட்டு வந்தாலும் அதற்கு ஆசீர்வாதம் பண்ணுகிற பேராசிரியர்களோடும் எழுத்தாளர்களோடும்தான். 'சங்கக் கவிதைக்கு இசை' என்றவுடன் அவர்களுடைய விமர்சனம் தூங்கப் போய்விடுகிறது.

என் கட்சி இது. அகக் கவிதை ஒருவர் இன்னொருவரிடம் பேசும் பேச்சு. தலைவி பேசுகிறாள், தோழி பேசுகிறாள், தலைவன் பேசுகிறான், செவிலி பேசுகிறாள், பரத்தை பேசுகிறாள், வழியில் கண்டவர்கள்கூடப் பேசுகிறார்கள். கவிஞன் பேசுவதில்லை. இன்று போடப்படும் மெட்டுகள் இந்தப் பேச்சை விட்டுவிட்டுப் பேச்சுக்குள் வரும் மலையையும் மழையையும் பூவையும் பிடித்துக்கொள்கின்றன. மலை என்றால் ஒரு நீண்ட வயலின், மழை என்றால் மணிகள், மாடு என்றால் புல்லாங்குழல். கேட்டு முடித்தால் நமக்கு மிஞ்சுவது ஒரு அழகான இயற்கைக் காட்சி. இப்படிப்பட்ட இசைக்கு இங்கிலாந்தில் பாஸ்டரல் என்று ஒரு பெயர் உண்டு. நம்மவர்கள் அதை 'முல்லை' என்று மொழிபெயர்த்துத் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். சொல்லும் தப்பு, அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணமும் தப்பு.

*

இங்கிலாந்துக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று முதலில் பார்ப்போம். ஏ. ஈ. ஹவுஸ்மன் 1896ல் 'எ ஷ்ராப்ஷயர் லாட்' என்று 63 கவிதைகள் கொண்ட ஒரு சிறு புத்தகத்தை வெளியிட்டார். கிராமத்துப் பையன்கள், காதல், பட்டாளம், தூக்குமேடை, சாவு. அடுத்த பதினைந்து வருஷங்களில் இங்கிலாந்தின் இசையமைப்பாளர்கள் இதன்மேல் விழுந்தார்கள். ஆர்தர் ஸாமர்வெல் 1904ல் இதிலிருந்து ஒரு பாட்டுத் தொடர் செய்தார். ரால்ஃப் வான் வில்லியம்ஸ் 1909ல் தனிக்குரல், பியானோ, நான்கு தந்தி வாத்தியங்கள் இவற்றுக்காக 'ஆன் வென்லாக் எட்ஜ்' எழுதினார். ஜார்ஜ் பட்டர்வொர்த் 1911ல் ஆறு பாட்டுகளுக்கு மெட்டமைத்தார். ஐந்து வருஷம் கழித்து, 31 வயதில், ஸோம் யுத்தகளத்தில் குண்டடிபட்டுச் செத்தார். இன்று அந்தப் பாட்டுகளைக் கேட்கிற ஆங்கிலேயனுக்கு அவை இழந்துபோன ஒரு பச்சை தேசத்தின் ஞாபகம்.

அந்தப் பச்சை தேசம் எங்கே இருந்தது? ஹவுஸ்மன் ஷ்ராப்ஷயர்க்காரர் அல்ல. பக்கத்து வுஸ்டர்ஷயரில் பிறந்தவர். சிறு வயதில் மேற்கே தொடுவானத்தில் அவருக்குத் தெரிந்த குன்றுகள்தான் ஷ்ராப்ஷயர். கவிதைகளில் பெரும்பாலானவற்றை லண்டனில், லத்தீன் வாத்தியார் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதினார். அவருடைய ஷ்ராப்ஷயர் மனதுக்குள் இருந்த ஊர். இதைப் புரிந்துகொண்ட இசையமைப்பாளர்கள் அந்தக் கவிதைகளில் கேட்டது குன்றை அல்ல, குரலை.

ஒரு உதாரணம் போதும். அந்தத் தொகுப்பில் செத்துப்போன உழவன் ஒருவன் புதைகுழியிலிருந்து கேள்வி கேட்கிறான்; உயிரோடு இருக்கும் நண்பன் பதில் சொல்கிறான். என் குதிரைகள் உழுகின்றனவா, பையன்கள் பந்து விளையாடுகிறார்களா, என் காதலி அழுகையை நிறுத்தினாளா, என் நண்பன் சௌக்கியமா? பதில்கள் எல்லாம் ஆறுதலாகவே வருகின்றன. கடைசியில்தான் தெரிகிறது, செத்தவனின் காதலி இப்போது பதில் சொல்பவனோடு இருக்கிறாள் என்று. பட்டர்வொர்த் இதற்கு என்ன செய்தார்? இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே மெட்டைக் கொடுத்தார். ஆனால் செத்தவனின் குரலை மெலிதாக, தயங்கித் தயங்கி வரவைத்தார். இருப்பவனின் குரலைக் கனமாக, வேகமாக. ஒரே மெட்டு என்பதால் ஒருவன் இடத்தில் மற்றவன் வந்து உட்கார்ந்துவிட்ட விஷயம் இசையிலேயே கேட்கிறது. இந்தப் பாட்டில் எங்கும் வயல் இல்லை, உழவு இல்லை. இரண்டு மனிதர்களும் ஒரு துரோகமும்தான் இருக்கிறார்கள்.

அதே கவிதையை வான் வில்லியம்ஸ் எடுத்தபோது பந்து விளையாட்டு பற்றிய இரண்டு செய்யுள்களை வெட்டிவிட்டார். ஹவுஸ்மனுக்குக் கோபம் வந்தது. உன் இசையில் இரண்டு துண்டை நான் வெட்டினால் உனக்கு எப்படி இருக்கும் என்ற தோரணையில் தன் பதிப்பாளரிடம் கேட்டார். மெட்டுப் போட அனுமதி கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லாமல் கொடுத்தவர் அவர். கொடுத்துவிட்டு முகம் சுளித்தவரும் அவரே. ஆக அங்கே ஒரு சண்டை நடந்தது. பிற்காலத்தில் எலிஸபெத் லட்யன்ஸ் என்ற இசையமைப்பாளர் இந்த மரபையே 'சாணி இசை' என்று பரிகசித்தார். அதுவும் ஒரு சண்டை. அந்தச் சண்டைகளால்தான் அந்தப் பாட்டுகளில் நல்லது எது, வெறும் பச்சை எது என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்கு முடிந்தது. நம் கவிஞர்கள் செத்து இரண்டாயிரம் வருஷம் ஆகிவிட்டதால் கடிதம் எழுத மாட்டார்கள். அவர்கள் சார்பில் கோபப்பட வேண்டியது நாம். நாமோ பொன்னாடை போர்த்திக்கொண்டிருக்கிறோம்.

*

இப்போது குறுந்தொகைக்கு வருவோம். மூன்றாவது பாட்டு, தேவகுலத்தார் பாடியது. நிலத்தைவிடப் பெரியது, வானத்தைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது அவனோடு கொண்ட நட்பு என்று தலைவி சொல்கிறாள் என்ற அளவில் எல்லோருக்கும் இது தெரியும். மெட்டுப் போட நினைக்கிறவனுக்கு இதைவிட வசதியான கவிதை கிடையாது. நிலத்துக்கு ஒரு மந்த்ர ஸ்தாயி, வானத்துக்கு ஒரு தார ஸ்தாயி, கடலுக்கு ஒரு முழக்கம்.

ஆனால் பாட்டோடு சேர்ந்து வரும் துறைக்குறிப்பு என்ன சொல்கிறது? தலைவன் வேலிக்கு அப்பால் வந்து நின்றுகொண்டிருக்கிறான். அவன் காதில் விழ வேண்டும் என்றே தோழி அவனைப் பழித்துப் பேசுகிறாள். அதற்குத் தலைவி சொல்லும் மறுமொழிதான் இந்தக் கவிதை. அதாவது இது ஒரு வாக்குவாதத்தின் நடுவில் வரும் பதில். மூன்று பேர் இருக்கிறார்கள், ஒருவன் ஒளிந்திருக்கிறான். அவன் நிற்பது அவளுக்குத் தெரியுமா? தெரிந்துதான் இத்தனை பெரிதாகச் சொல்கிறாளா? அவ்வளவு பெரிய நட்பு என்றால் அவன் ஏன் இன்னும் கல்யாணத்துக்கு ஏற்பாடு பண்ணாமல் வேலியோரம் நிற்கிறான்? இந்தக் கேள்விகள் எல்லாம் உள்ளே ஓடிக்கொண்டிருக்கின்றன. நிலம், வானம், கடல் மூன்றையும் வாத்தியங்களில் காட்டிவிடும் இசை, வேலியைக் காட்டுவதில்லை. வேலி போனால் கவிதை காதலின் பெருமை பற்றிய ஒரு ஸ்தோத்திரமாகிவிடும்.

இலக்கண ரீதியாகவும் ஒன்று கவனிக்க வேண்டும். குறுந்தொகைப் பாட்டுகள் 401. நாலு அடியிலிருந்து எட்டு அடி வரை போகிறவை, ஒன்றிரண்டு மட்டும் ஒன்பது. பல பாட்டுகள் முழுவதுமே ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்தில் மலைச்சாரலும் பூவும் வண்டும் தேனும் வரிசையாக வந்து, எல்லாம் சேர்ந்து 'நாடன்' என்ற ஒரு சொல்லுக்கு அடைமொழியாக நிற்கும். நிலக்காட்சி அங்கே ஒரு பெயரெச்சம். அவன் எப்படிப்பட்டவன் என்று சொல்வதற்கு, பல சமயம் அவனைக் குத்திக்காட்டுவதற்கு, அது வருகிறது. உள்ளுறை என்று இலக்கணக்காரர்கள் சொல்வது இதைத்தான். இப்படிப்பட்ட வாக்கியத்தை எடுத்து முதல் அடியைப் பல்லவியாக்கி, நாலு தடவை திருப்பிப் பாடி, நடுவில் இடையிசை வைத்து, பிறகு சரணத்துக்குப் போய், மறுபடி பல்லவிக்குத் திரும்பினால் என்ன ஆகும்? வினைமுற்று வருவதற்குள் எழுவாய் மறந்துபோகும். அடைமொழி பாட்டாகிவிடும், ஆள் காணாமல் போவான்.

ஏ. கே. ராமானுஜன் 1967ல் குறுந்தொகைப் பாட்டுகளை இங்கிலீஷில் கொண்டுபோனபோது புத்தகத்துக்கே உள்மனத்து நிலக்காட்சி என்று பொருள்படும் பெயரை வைத்தார். அதோடு நிற்கவில்லை. கவிதைகளுக்கு 'அவன் சொன்னது', 'அவள் சொன்னது', 'தோழி சொன்னது' என்று கூற்றையே தலைப்பாகப் போட்டார். அகராதி தெரியாத அமெரிக்கனுக்கும் யார் பேசுகிறார்கள் என்பது முதலில் தெரிந்தாக வேண்டும் என்று அவருக்குப் பட்டது. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் பிழைத்த கூற்று தமிழ் மெட்டில் சாகிறது.

*

அடுத்து எல்லோருக்கும் தெரிந்த நாற்பதாவது பாட்டு, செம்புலப்பெயல்நீரார் பாடியது. செம்மண்ணில் பெய்த மழைநீர் போல் நம் நெஞ்சங்கள் கலந்தன என்ற உவமை. கல்யாணப் பத்திரிகைகளில்கூட அச்சாகிறது. உன் தாயும் என் தாயும் யாரோ, நம் தந்தையர்களுக்குள் என்ன உறவு, நாம் இருவரும் எப்படித் தெரிந்துகொண்டோம் என்று கேட்கிற கவிதை அது. அதைப் பத்திரிகையின் நெற்றியில் போட்டுவிட்டு, அதற்குக் கீழேயே இன்னாருடைய பேரன், இன்னாருடைய பேத்தி என்று இரு குடும்பத்து வம்சாவளியையும் அச்சடிக்கிறார்கள். கவிதையை யாரும் படிக்கவில்லை, உவமையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

அதன் துறைக்குறிப்பு இன்னும் முக்கியம். முதல் கூடல் முடிந்துவிட்டது. இவன் என்னை விட்டுப் போய்விடுவானோ என்று அவளுக்குப் பயம் வந்து முகம் மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கண்டு அவன் சொல்கிற பேச்சு இது. பயந்துபோன ஒரு பெண், பேசுகிற ஒரு ஆண். அவன் மெய்யாகவே சொல்கிறானா, சமாதானத்துக்குச் சொல்கிறானா என்பது அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. அவள் வாயே திறக்கவில்லை. அந்த மௌனம்தான் கவிதையின் மறுபாதி.

1997ல் வந்த 'இருவர்' படத்தில் வைரமுத்து எழுதி ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த 'நறுமுகையே' பாட்டில் இந்தக் கவிதையின் சொற்கள் வருகின்றன. உன்னிகிருஷ்ணனும் பம்பாய் ஜெயஸ்ரீயும் பாடிய இருகுரல் பாட்டு. ரஹ்மானின் மெட்டு அழகானது. அதைப் பற்றி இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது. அவள் மௌனம் அங்கே போய்விட்டது. அவளும் சேர்ந்து பாடுகிறாள். இதைக்கூட விட்டுவிடலாம். அதே பாட்டில் புறநானூறு 112ன் தொடக்கச் சொற்களும் காதல் பேச்சாக வருகின்றன. அது பாரிமகளிர் பாடியது. அப்பனும் செத்து, மலையும் பறிபோன பிறகு, போன மாதத்து நிலவையும் இந்த மாதத்து நிலவையும் வைத்து இரண்டு பெண்கள் அழுத கையறுநிலை. அந்த நிலாவை எடுத்துவந்து ஒரு காதலன் காதலியிடம் கொடுக்கிறான். அப்பனைப் பறிகொடுத்த பெண்களின் நிலா அது என்று ஒரு தமிழாசிரியராவது வாய்விட்டுச் சொன்னாரா? சினிமாப் பாட்டு தன் வேலையைச் செய்தது. அதில் சங்கத் தமிழ் வாழ்கிறது என்று கட்டுரை எழுதினவர்கள் தங்கள் வேலையைச் செய்யவில்லை.

*

இனி, திணைக்கும் காட்சிக்கும் உள்ள வித்தியாசம். இதை நான் எழுதும் கல்லங்குறிச்சியை வைத்தே சொல்லலாம். அரியலூருக்குப் பக்கத்து ஊர். குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊருக்கு உரையாசிரியர்கள் சொல்லும் பெயர்களில் ஒன்று. இங்கே மலை கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. பூமிக்கு அடியில் சுண்ணாம்புக்கல். புவியியல்காரர்கள் ஒரு பாறை அடுக்குக்கே இந்த ஊரின் பெயரை வைத்திருக்கிறார்கள். சுமார் 7 கோடி வருஷங்களுக்கு முன் இது கடல். வெட்டும் இடத்தில் கல்லாய்ப் போன சிப்பிகள் வருகின்றன. ஆக பெயரில் குறிஞ்சி, பாறையில் நெய்தல். ஊரின் கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலில் மூலவராக நிற்பது ஒரு கல் கம்பம். ஒரு மாட்டுக்காரருடைய சினைப்பசு காட்டில் தொலைந்துபோய், தேடிப் போனபோது விழுந்து கிடந்த கம்பத்தின்மேல் பால் சொரிந்து நின்றது என்பது கதை. பசு, காடு, மாயோன். இது முல்லை. சுற்றிலும் சிமெண்டு ஆலைகளுக்காகத் தோண்டிய பள்ளங்கள். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து நிற்பதுதான் பாலை என்று இளங்கோவடிகள் சொன்னது இந்தப் பள்ளங்களுக்கு நன்றாகவே பொருந்தும்.

இந்த ஊர் எந்தத் திணை? காட்சியை வைத்துப் பார்க்கிறவனால் பதில் சொல்ல முடியாது. தொல்காப்பியரால் முடியும். முதல், கரு, உரி மூன்றில் கவிதைக்கு வரும்போது ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்று வரிசை வைத்து உரிப்பொருளைக் கடைசியில், உச்சியில் வைத்தவர் அவர். உரிப்பொருள் தவிர மற்றவை ஒன்றோடொன்று மயங்கலாம் என்று அனுமதியும் கொடுத்தார். கல்லங்குறிச்சியில் ஒரு பெண் வெளியூர் போனவனுக்காகக் காத்திருந்தால், அது சுண்ணாம்புப் பள்ளத்தின் கரையாக இருந்தாலும், இருத்தல் முல்லைதான். அதற்குப் புல்லாங்குழல் தேவையில்லை. வருவதாகச் சொன்ன காலம் வந்துவிட்டது, ஆள் வரவில்லை என்பது இசைக்கு மிகவும் தெரிந்த விஷயம். ஷட்ஜத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் ஒரு ஸ்வரத்தை நிறுத்தி வைத்தால் போதும். கேட்கிறவனுக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்று புரிந்துவிடும். அதைச் செய்யாமல் மாட்டு மணியை ஒலிப்பதிவு பண்ணிச் சேர்ப்பது முதல் தப்பு. 'நவீனம்' என்று சொல்லிக்கொண்டு லாரிச் சத்தத்தை ஒலிப்பதிவு பண்ணிச் சேர்ப்பதும் அதே தப்புதான்.

எதிர்க்கட்சிக்காரர்கள் இங்கே ஒன்று கேட்கலாம். தொல்காப்பியரே கருப்பொருள்களில் பறையையும் யாழையும் சேர்த்திருக்கிறாரே, நிலத்துக்கு ஒரு இசை உண்டு என்றுதானே அர்த்தம்? உண்டு. அந்தப் பட்டியலில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை இவற்றோடு சேர்ந்துதான் பறையும் யாழும் நிற்கின்றன. கருப்பொருளில் ஒன்றாக இசை நிற்கிறது என்பதற்காக, இசையின் முழு வேலையும் கருப்பொருளைக் காட்டுவது என்று ஆகாது. இன்னொரு ஆட்சேபம், துறைக்குறிப்புகள் தொகுத்தவர்கள் பின்னால் சேர்த்தவை, இசைக்காரனை அவை ஏன் கட்டுப்படுத்த வேண்டும் என்பது. குறிப்பைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அப்போதும் நாற்பதாவது பாட்டில் 'நீ' இருக்கிறது, 'நான்' இருக்கிறது, ஒருவர் மட்டும் பேசுகிறார். வேறு துறை கண்டுபிடிக்க இசையமைப்பாளருக்குச் சுதந்திரம் உண்டு. துறையே இல்லாமல் பாட மட்டும் சுதந்திரம் இல்லை.

*

பாடுவதற்கென்றே செய்த அகக் கவிதைகள் நம்மிடம் இருக்கின்றன. அகத்துக்குக் கலியும் பரிபாட்டும் உரியவை என்பது தொல்காப்பியம். கலித்தொகையில் 150 பாட்டுகள். துள்ளலோசையும், தாழிசையும், தனிச்சொல்லும், திரும்பத் திரும்ப வரும் அடுக்குமாகப் பாட்டின் உடம்போடேயே பிறந்தவை. பரிபாடலில் 70ல் கிடைத்தவை 22. அவற்றில் எட்டு வையைப் பாட்டுகள், புனலாட்டும் ஊடலுமாக. எழுதிய புலவர் பெயர், பண்ணின் பெயர், அதோடு இசை வகுத்தவர் பெயர் மூன்றும் சேர்ந்து வரும் சங்கநூல் அது ஒன்றுதான். பெட்டனாகனார், கண்ணனாகனார், நன்னாகனார், மருத்துவன் நல்லச்சுதனார். இவர்கள் நம்முடைய முதல் இசையமைப்பாளர்கள். பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்று பண்ணின் பெயர் இருக்கிறது. பாடிய விதம் போய்விட்டது. உ.வே.சாமிநாதையர் 1918ல் பதிப்பித்துக் கையில் கொடுத்தார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சிம்பனி வைக்கிறவர்கள் இந்தப் பக்கம் வருவது அபூர்வம். பாடச் செய்த பாட்டைப் படித்துக்கொண்டும், பேசச் செய்த அகவலைப் பாடிக்கொண்டும் இருக்கிறோம்.

1943ல் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்டபோது மேடையில் தமிழ் கேட்க வேண்டும் என்று போராடினார்கள். நியாயமான போராட்டம், பலனும் கிடைத்தது. ஆனால் பாட்டு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று கேட்டதோடு அது நின்றது. அந்த மொழியில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற கேள்விக்கு அது வரவில்லை. அதற்கு முன்பே கேட்டவர் பாரதி ஒருவர்தான். 'கண்ணன் பாட்டு' முழுவதும் கண்ணனைத் தாயாக, தோழனாக, சேவகனாக, காதலியாக நிறுத்தி, ஒவ்வொரு உறவுக்கும் ஒவ்வொரு குரல். ராகமும் தாளமும் அவரே குறித்தார். இன்று கச்சேரிகளில் அந்தக் குறிப்பு கிடக்க, அவரவர் ராகத்தில் பாடுகிறார்கள். ஆக உயிரோடு இருந்து எழுதி வைத்துவிட்டுப் போனவனுக்கே இந்தக் கதி.

நம்முடைய முதல் காதல் பாட்டுத் தொடர் எது என்று கேட்டால் நான் கானல்வரியைச் சொல்வேன். புகாரின் கடற்கரை, யாழ், இரண்டு பேர், ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டு. கோவலன் பாடுகிறான். நெய்தல் தலைவன் ஒருவன் பேசுவது போன்ற பாட்டுகள். இவன் வேறொருத்தியை நினைத்துப் பாடுகிறான் என்று மாதவி எடுத்துக்கொள்கிறாள்; யாழை வாங்கித் தானும் வேறு குறிப்பு உள்ளவள் போலப் பாடுகிறாள். கோவலன் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு எழுந்து போகிறான். பிறகு மதுரை எரிகிற வரைக்கும் கதை நிற்கவில்லை. அகத்தில் யாருடைய பெயரையும் சுட்டக் கூடாது என்பது விதி. கோவலன் பெயர் இல்லாத பாட்டில் பெயரைப் படித்தான். இன்று நாம் அதற்கு நேர் எதிரான தப்பைச் செய்கிறோம். அவன் பாட்டில் ஆளைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. நமக்குக் கடலும் காற்றும் கேட்கின்றன, ஆளே கேட்பதில்லை. கோவலனாவது அந்தப் பாட்டால் அடிபட்டான்.

அப்படியானால் குறுந்தொகையைப் பாடவே கூடாதா? பாடலாம். அதற்கான உருவம் வெளியூரில் தேட வேண்டியதில்லை. நம் கச்சேரியிலேயே விருத்தம் என்று ஒன்று இருக்கிறது. தாளம் கிடையாது. பல்லவி கிடையாது. சொல் போகிற வழியில் ராகம் போகிறது. ஒரு நல்ல வித்வான் விருத்தம் பாடும்போது வாக்கியம் முடியும் வரைக்கும் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அகவல் என்ற சொல்லுக்கே கூவி அழைத்துச் சொல்வது என்று பொருள். கட்டுவிச்சியை 'அகவன் மகள்' என்றார்கள். பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிற்கும் அந்தக் குரல் அழிந்துவிடவில்லை. ஒப்பாரி சொல்கிறவளிடம் இருக்கிறது, குறி சொல்கிறவனிடம் இருக்கிறது, கூத்தில் வேஷம் கட்டியவனிடம் இருக்கிறது. வான் வில்லியம்ஸ் ஹவுஸ்மனிடம் போவதற்கு முன் 1903லிருந்து கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுச் சேகரித்தவர். தன் மொழி எப்படி வாய்விட்டு வருகிறது என்பதை அங்கே கற்றுக்கொண்டார். ஒப்பாரியின் மெட்டைத் திருடிக்கொண்டு வா என்று நான் சொல்லவில்லை. அது இன்னொரு விதப் பாஸ்டரல். சொல் எந்த இடத்தில் பாட்டாகிறது, எந்த இடத்தில் பாட்டு உடைந்து சொல்லாகிறது என்பதை அங்கே போய்க் கேட்க வேண்டும்.

இது இசைக்காரர்கள் பிரச்னை மட்டும் என்று நம் கவிஞர்கள் சும்மா இருந்துவிட முடியாது. திணை என்றால் காட்சி என்ற எண்ணம் கவிதைக்குள்ளும் புகுந்துவிட்டது. நாலு பூவின் பெயரும் இரண்டு பறவையின் பெயரும் போட்டால் அது நவீன நெய்தல், நவீன குறிஞ்சி என்று பெயர் வைக்கிறார்கள். அப்படியானால் கடலோ மலையோ வாய்க்காத ஊர்க்காரனுக்குத் திணை இல்லை என்றாகிறது. பள்ளம் தோண்டிய ஊரில் பிறந்தவன் குற்றாலத்துக்குப் போய்க் கவிதை எழுத வேண்டியதுதான். யார் பேசுகிறார், யாரிடம், எந்தக் காலத்தில், யார் ஒளிந்து கேட்கிறார் என்ற நாலு கேள்விகளும் எந்த ஊரிலும் கேட்கக்கூடியவை. மரபு நமக்குக் கொடுத்திருப்பது இந்த நாலு கேள்விகளைத்தான்.

எனவே பாராட்டுக் கூட்டத்துக்குப் போகிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை யாராவது வாத்தியங்கள் புடைசூழப் பாடி முடித்ததும், நிலமும் வானமும் கடலும் பிரமாதம் என்று சொல்லிவிட்டு, வேலிக்கு அப்பால் நிற்கிறானே அவனை எங்கே வைத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும் வரைக்கும் கைதட்ட வேண்டாம்.